கடல் திறக்கும் முன்னும் பின்னும் ஏழு நாள்

ஜூன் 10, தூத்துக்குடி

காலை ஆறு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைந்தேன். மீன் வாடையே இல்லை, பெயின்ட் வாடைதான். ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. இன்னும் ஐந்து நாள் பாக்கி. கரையேற்றிய படகுகளில் அடிப்பலகையைச் சுரண்டி இடுக்குகளை அடைக்கிறார்கள். கலப்பத்து பார்ப்பது என்பார்கள். நிழலில் நாலைந்து பேர் வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் தைக்கிறார்கள்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் அப்பா. மதுரை கரிமேடு மீன் சந்தையில் முப்பது வருஷம் தராசு பிடித்தவர். கடைசி வருஷங்களில் பெட்டியைத் திறந்ததும் ஒரு மீனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். "இது பிள்ளை மீனுடா. இதை ஏன் பிடிச்சாங்க?" என்பார். சந்தையில் யாரிடமும் அதற்குப் பதில் இருந்ததில்லை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. தூத்துக்குடியில் தொடங்கி மேலே மனோரா வரை போய், அங்கிருந்து திரும்பி ராமேஸ்வரத்தில் தடை முடிவதைப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன்.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் 2001-ல் 45 நாளாகத் தொடங்கி 2017-ல் 61 நாளானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரிக்கு மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை விசைப்படகுக்கு மட்டும்தான், நாட்டுப்படகு போகலாம். குடும்பத்துக்கு நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 131 ரூபாய். படகு முதலாளி மராமத்து பார்க்கிற இந்த இரண்டு மாதத்தில் கூலிக்குப் போகிறவர் கட்டட வேலை தேடி அலைகிறார். தலைச்சுமையாக மீன் விற்கிற பெண்கள் நாட்டுப்படகு மீனுக்கு ஆளோடு ஆள் போட்டி போடுகிறார்கள்.

வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் மடிக்கண்ணியை எப்படி அளப்பது என்று கேட்டேன். மடி என்பது இழுவை வலையின் வால்பகுதி. மீன் வந்து சேர்கிற பை. அதன் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அவர் ஒரு கண்ணியை இரு கையாலும் இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு அளந்து காட்டினார். "இப்படி இழுத்துப் பிடிச்சு அளக்கணும் சார். சும்மா வச்சு அளந்தா ஏமாத்தும்." வெளியே வந்து ஒரு டெய்லர் டேப் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் திரேஸ்புரம். சங்கு குளிக்கும் அண்ணாச்சி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். அவருடைய அப்பா காலத்தில் சங்கு முழுக்க அரசாங்கத்துக்குத்தான். கரையில் மீன்வளத்துறை ஆள் ஒரு வளையத்தோடு உட்கார்ந்திருப்பார். அதன் விட்டம் இரண்டேகால் அங்குலம், இன்றைய கணக்கில் 57 மில்லிமீட்டர். வளையத்துக்குள் புகுந்து விழுகிற சங்கு சிறுசு. அதை உயிரோடு திரும்பக் கடலில் விட வேண்டும். "அந்த வளையத்தை நானும் பார்த்திருக்கேன் அண்ணாச்சி. எங்கப்பா அதுக்கு ரொம்பப் பயப்படுவாரு" என்றார் அவர் என்னிடம்.

முத்தும் இப்படித்தான். இந்தக் கடலடியில் இருக்கிற பாறைத் தரைகளுக்குப் 'பார்' என்று பெயர். தொலாயிரம் பார் என்ற பேர் தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும். முத்துச் சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நினைத்த வருஷமெல்லாம் நடக்காது. முதலில் ஆளை இறக்கிப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பி எடுத்து, உடைத்து, முத்தை மதிப்புப் போட்டுப் பார்ப்பார்கள். சிப்பி முற்றியிருந்தால்தான் சிலாபம் அறிவிப்பு வரும். இல்லையென்றால் அந்த வருஷம் கடல் மூடியே இருக்கும். கடைசியாக 1955-லிருந்து 1961 வரை தொடர்ந்து நடந்தது. அதன்பிறகு குளிக்கிற அளவுக்குச் சிப்பி திரும்பவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கதவு திறக்கவே இல்லை. கொற்கை முத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்ததற்கும் இந்த வெறுமைக்கும் நடுவில் ஏதோ ஒரு வருஷம், யாரோ ஒருவர், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஜூன் 11, கீழக்கரை

வேம்பார் வழியாகக் கடலோரச் சாலை. கச்சான் காற்று முகத்தில் மண்ணை அடித்தது.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்கா ஆயின, 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இருபத்தொன்றில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன: பூவரசன்பட்டி, விலாங்குசல்லி. தீவைச் சுற்றி வேலி மாதிரி இருந்த பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனதில், அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போனது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கிற வான் தீவு 1986-ல் 16 ஹெக்டேர். 2014-ல் சுமார் 2 ஹெக்டேர். இப்போது அதைச் சுற்றிக் கான்கிரீட்டால் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையை மட்டுப்படுத்தியிருக்கிறார்கள். அவற்றின் மேல் பவளமும் வளர்கிறது.

கீழக்கரைக் கடற்கரையில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். இளவட்டமாக இருந்தபோது வள்ளத்தில் பவளப்பாறை ஏற்றியவர். "அப்போ அது கல்லுன்னுதான் தம்பி நெனச்சோம். உசிருன்னு ஒருத்தரும் சொல்லல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தீவை மூடுனப்பவும் ஒருத்தரும் வந்து சொல்லல. நாங்க வலை காயப்போட்ட இடம், காத்தடிச்சா ஒதுங்குன இடம். ஒருநாள் போனா, உள்ள வரக் கூடாதுங்கிறாங்க" என்றார்.

பவளத்தைக் காப்பாற்றியது சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய இரண்டாவது வாக்கியத்தை இரவு முழுக்கத் தூக்கிப்போட முடியவில்லை.

ஜூன் 12, மனோரா

நீண்ட பேருந்துப் பயணம். நெப்போலியன் தோற்றதற்காக இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு நிலைக் கோபுரம் கடலோரத்தில் நிற்கிறது. நான் பார்க்க வந்தது அதற்கு எதிரே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற புல்வெளியை.

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். வெயில் தரை வரைக்கும் இறங்கும். அதனால் கடற்புல் விளைகிறது. அதை மேய்வது கடற்பசு. இந்தப் பக்கத்தில் ஆவுளியா என்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது கிலோ வரைக்கும் தின்னும். ஒரு குட்டியை வருஷத்துக்கு மேல் வயிற்றில் சுமக்கும், அடுத்த குட்டிக்குப் பல வருஷம் ஆகும். இந்தியாவில் மிஞ்சியிருப்பவை சுமார் 240 என்று அரசு சொல்கிறது. அவற்றில் பெரும்பங்கு இங்கேதான். 2022 செப்டம்பர் 21-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே முதலாவது.

மல்லிப்பட்டினத்தில் ஒரு நாட்டுப்படகுக்காரர், நாற்பது வயது இருக்கும், என்னைத் தன் வத்தையில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கூட்டிப்போனார். தண்ணீர் தெளிவாக இருந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தினார். குனிந்து பார்த்தேன். பச்சைக் கம்பளம் நீரோட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஊசி மாதிரி முரல் குஞ்சுகள் மேலாகப் போயின.

"எங்க தாத்தா காலத்துல ஆவுளியா கறி சாப்பிட்டிருக்காங்க. மறைக்க வேண்டியதில்ல" என்றார். "இப்போ வலையில மாட்டுனா வலையை அறுத்து விட்டுர்றோம். வனத்துறை வெகுமதி தர்றாங்க, அது வேற விஷயம். தண்ணிக்குள்ள அது அழுகுற மாதிரி ஒரு சத்தம் போடும்ண்ணே. ஒருக்கா கேட்டவன் கத்தியை எடுக்க மாட்டான்."

காப்பகம் வந்ததில் பயம் இல்லையா என்று கேட்டேன். முதலில் இருந்ததாம். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, நாட்டுப்படகுத் தொழிலுக்குத் தடை இல்லை என்று சொன்னபிறகு போனதாம். பிறகு கடலைக் காட்டிச் சொன்னார்: "இந்தப் புல்லுலதான் இறாலு, நண்டு, விளைமீன் எல்லாம் குஞ்சு வளக்குது. ஆவுளியா இருக்குதுன்னா புல்லு இருக்குது. புல்லு இருக்குதுன்னா எனக்கு மீன்பாடு இருக்குது. விசைப்படகு ஒருத்தன் ராத்திரியில உள்ள வந்து ஒரு இழுவை இழுத்தான்னா, ஏர் உழுத மாதிரி கோடு தெரியும்."

1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமே கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்றது. அவர் சொன்ன கோடு அந்த எல்லைக்குள்தான் விழுகிறது.

ஜூன் 13, ஜெகதாப்பட்டினம், தொண்டி

இழுவைமடியை, அதாவது முழு இழுவை வலையை, கரையில் விரித்து வைத்துப் பார்த்தால்தான் அதன் வேலை புரிகிறது. வலையின் வாயை அகட்டிப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகை. அடிக்கயிற்றில் ஈயமும் சங்கிலியும். தரையை உரசிக்கொண்டே போகும். இறாலைச் சேற்றிலிருந்து கிளப்பிவிடும். கூடவே அங்கே இருக்கிற எல்லாவற்றையும்.

பாக் நீரிணையில் இழுவைமடிக்கு இடம் போதாது. எதிர்க்கரையான இலங்கை பக்கத்திலேயே இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்களில் எல்லைக்கோடு போட்டாயிற்று, ஆனால் இறால் கோட்டுக்கு அந்தப் பக்கம். நம் படகுகள் பிடிபடுவது செய்தியாகிறது. அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் போருக்குப் பிறகு கடன் வாங்கி வலை போட்ட தமிழ் மீனவரின் வலை அறுபடுவது நமக்குச் செய்தி ஆவதில்லை. எனக்கு இது மனதை மிகவும் அறுக்கிறது. 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர்களும் சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வருஷத்தில் இழுவைமடியை விட்டுவிடுவது, அதுவரைக்கும் வருஷத்துக்கு 70 நாள் மட்டும் என்று ஓர் உடன்பாட்டுக்கே வந்தார்கள். அரசுகள் அதைக் கையில் எடுக்கவில்லை. 2017 ஜூலையில் இலங்கை தன் கடலில் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே வருஷம் இங்கே ஒரு திட்டம் வந்தது. மூன்று வருஷத்தில் 2,000 இழுவைப் படகுகளை எடுத்துவிட்டு, 80 லட்ச ரூபாய் மதிப்பில் சூரை பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகு கொடுப்பது என்று. பாதிக்கு மேல் மானியம். மூன்று வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது, 2,000 இன்னும் தூரத்தில் இருக்கிறது. ஜெகதாப்பட்டினத்தில் ஒரு படகு முதலாளி காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: "நாங்க காலையில போய் மறுநாள் வர்ற ஆளுங்க சார். வாரக்கணக்குல ஆழ்கடல்ல கிடக்கிறது வேற தொழிலு. படகு குடுத்தா போதுமா, தொழிலைக் கத்துக்குடுக்க வேணாமா?"

தொண்டியில் கடல் அட்டைப் பேச்சு. 2001-ல் அதைப் பிடிப்பதை அரசு மொத்தமாகத் தடை செய்தது. எதிர்க்கரையில் பண்ணை வைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள், இங்கே ஓர் அட்டை கையில் இருந்தால் சிறை. தடை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மண்ணைத் தின்று கடலடியைச் சுத்தம் செய்கிற பிராணி அது, துப்புரவாக அள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் ஆன ஒரு தடையைத் திரும்பப் பார்த்து, எங்கே பெருகியிருக்கிறது, எங்கே இல்லை என்று எண்ணி, அதைக் கரையில் வந்து சொல்ல வேண்டாமா? முத்துச் சிலாபக்காரர்கள் அந்த வேலையைச் செய்தார்களே.

ஜூன் 14, சின்னப்பாலம்

இன்று முழுக்கப் பாம்பன் பக்கம். நாளை அமாவாசை. அதை ஒட்டி, சின்னப்பாலத்துப் பெண்களுக்கு இன்று கடல்பாசி பறிக்கும் நாள். விடியுமுன்னே வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், மதியத்துக்குள் திரும்பிவிட்டார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த துணியைச் சுற்றியிருக்கிறார்கள். சுற்றினாலும் அறுக்கிறது. ஓர் அக்கா துணியை அவிழ்த்து விரல் நுனியைக் காட்டினார். ரேகையே இல்லை.

பறிப்பது மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் முதல் மருந்து வரைக்கும் போகிறது. மூச்சை அடக்கி முங்கி, பாறை இடுக்கில் கைவிட்டுப் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போட வேண்டும்.

தேசியப் பூங்காவுக்குள் போகக் கூடாது என்று வனத்துறை இறுக்கிப் பிடித்தபோது இவர்களுக்குப் பிழைப்பே போயிற்று. கத்தி பிடுங்கப்பட்டது, பாசி பிடுங்கப்பட்டது. மீனவர் என்றால் ஆம்பளை என்று எழுதி வைத்திருக்கிற நாட்டில் இவர்களுக்கு அன்று அடையாள அட்டைகூட இருக்கவில்லை. அப்போது பெண்கள் தங்களுக்குள்ளேயே கூடிப் பேசிச் சில முடிவுகளை எடுத்தார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பறிப்பது, அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அப்போதுதான் தண்ணீர் நன்றாக வற்றும். இரும்புக் கம்பியால் சுரண்டுவதில்லை. வேரோடு பிடுங்குவதில்லை. கோடையில் 45 நாள் பாசிக்கு ஓய்வு. அந்த முடிவோடு போய் அதிகாரிகளிடம் பேசினார்கள். இந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது 2015-ல் கிடைத்தது இதற்காகத்தான். படிக்காத பெண் ஒருவர் அமெரிக்கா போய் வாங்கினார் என்பதையே எல்லோரும் எழுதினார்கள். என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பன்னிரண்டு நாள் கணக்குதான்.

"மீதிப் பதினெட்டு நாளும் வேற ஊர்க்காரங்க வந்து பறிச்சா?" என்று கேட்டேன்.

"வருவாங்கதான்" என்றார் ஒரு பாட்டி, பாசியைக் காயப்போட்டுக்கொண்டே. "போயி சத்தம் போடுவோம். 'ஏத்தா, நாங்களும் பிள்ளைகுட்டிக்காரிதான், நாங்க பறிக்காம இருக்கோம்ல, நீயும் போ'ன்னு சொல்லுவோம். போலீஸு சொன்னா கேக்காதவ நாங்க சொன்னா கேப்பா. ஏன்னா நாங்களும் பட்டினி கெடக்கோம்னு அவளுக்குத் தெரியும்."

வெட்டவெளியில் நின்று அவர் பேசியதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கீழக்கரைப் பெரியவர் ஞாபகம் வந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. இவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. ஆனால் இவர்கள் காத்திருக்காமல் தாங்களே விதியை எழுதிவிட்டார்கள். எழுதிய பிறகு அதற்குக் காவலும் இவர்களேதான்.

மாலையில் புதிய ரயில் பாலத்தைப் பார்த்தபடி பேருந்தில் ராமேஸ்வரம் வந்தேன். துறைமுகத்தில் ஐஸ் லாரிகள் வரிசை. டீசல் பீப்பாய்கள் உருள்கின்றன. படகுகளுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். நள்ளிரவோடு தடை முடிகிறது.

ஜூன் 15, ராமேஸ்வரம்

இங்கே விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஒரே கடலில் இருவரும் மோதி வலை அறுபட்டு ரத்தம் சிந்திய பிறகு வந்த ஏற்பாடு இது. இன்று திங்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வெடி வைத்தார்கள். கரையில் நின்ற பெண்கள் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். 61 நாளாகக் கடன் வாங்கிச் சாப்பிட்ட வீடுகள்.

வடகடல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிப் படகின் புகை மறைய வெகுநேரம் ஆயிற்று. இரண்டு மாதம் எதுவும் உரசாமல் கிடந்த தரையை இன்று ஒரே நாளில் எத்தனை பலகை உரசும் என்பதை நினைக்க முடியவில்லை.

ஜூன் 16, ராமேஸ்வரம்

விடியலில் படகுகள் திரும்பின. நல்ல பாடு. இறால், நண்டு, கணவாய், காரல், நகரை. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஏலம் தொடங்கியதும் சிரிப்பு குறைந்தது. ஒரே நாளில் எல்லோரும் கொண்டு வந்ததால் வியாபாரிகள் விலையை இறக்கிவிட்டார்கள்.

ஏலத்துக்குப் போகாமல் ஓரமாக ஒரு குவியல். சங்காயம். கோழித்தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் போகிற கழிவு மீன். உட்கார்ந்து ஒரு கூடையைக் கிளறினேன். விளைமீன் குஞ்சு, விரல் நீளத்துக்குச் சீலா, நகத்தளவு நண்டு, நடுவில் இரண்டு கற்றை கடற்புல். விளைமீன் ஒன்றை உள்ளங்கையில் வைத்தேன். ரேகையைக்கூட மறைக்கவில்லை.

கூடையை இழுத்துவந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். "தம்பி, இதை ஏன் பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

கோபப்படவில்லை. "நாங்க பிடிக்கலண்ணே, மடியில வந்துருச்சு" என்றான். கண்ணியை அளந்து பார்க்கலாமா என்றேன். முதலாளி இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, படகின் பின்புறம் சுருட்டிக் கிடந்த மடியைக் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தான். தூத்துக்குடியில் கற்றபடி முடிச்சுக்கு முடிச்சு இழுத்துப் பிடித்தேன். டேப்பின் மறுமுனையை அவனே பிடித்துக்கொண்டான்.

22 மில்லிமீட்டர்.

"நாப்பது போட்டா இதெல்லாம் கீழ போயிரும்ண்ணே. எங்களுக்கும் தெரியும். ஆனா பக்கத்துப் படகுல இருவத்திரண்டு கெடக்கும். சங்காயத்துல வர்ற காசுதான் எங்க சாப்பாட்டுக் காசு. எல்லா மடியையும் ஒரே நாள்ல மாத்தச் சொல்லுங்க, நான் மொத ஆளா மாத்துறேன்."

சொல்லிவிட்டு டேப்பை என்னிடமிருந்து வாங்கி, வேறொரு கண்ணியை இழுத்து அவனே ஒருமுறை அளந்தான். அதே அளவுதான். டேப்பைச் சுருட்டித் தந்துவிட்டு, நாளை மறுபடி கடலுக்குப் போக ஐஸ் அடிக்க வேண்டும் என்று காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.